பாதையில் பன்னிரண்டு சில்லு: சின்ன வகுப்பில் திறந்த பிரசினம் நடத்தும் முறை

"ஒரு சைக்கிளுக்கு 2 சில்லு. 6 சைக்கிளுக்கு எத்தனை சில்லு?" தரம் 3 பிள்ளை அரை நிமிடத்தில் 12 என்று எழுதிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்க்கும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். "குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிற பாதையில் சைக்கிள், ஓட்டோ, வான் ஏற்றலாம். இன்றைக்கு ஏறிய வாகனங்களின் சில்லுகளை எண்ணினால் 12. என்னென்ன வாகனம் ஏறியிருக்கலாம்?" (பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.)

இதற்கு வேண்டிய கூட்டலும் பெருக்கலும் முன்னையதற்கு வேண்டிய அளவுதான். ஆனால் வாகனத்தைப் படமாக வரைந்து சில்லை ஒவ்வொன்றாக எண்ணும் பிள்ளைக்கும் இதில் ஒரு விடை கிடைக்கும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கும் பத்து நிமிடத்தில் வேலை தீர்ந்துபோகாது. சரியான விடை ஒன்றுக்கு மேல் இருக்கும் இத்தகைய கணக்கைத் திறந்த பிரசினம் என்கிறோம்.

பல வகுப்புகளில் இது "யார் கூடுதலாக விடை கண்டுபிடித்தது?" என்ற போட்டியாக மாறி, மணி அடித்ததும் முடிந்துவிடுகிறது. அது பாதிப் பாடம். மற்றப் பாதி, "எல்லா விடையும் வந்திட்டுதா? வேற இல்லை எண்டு எப்பிடித் தெரியும்?" என்ற கேள்வியில் இருக்கிறது. தரம் 3 பிள்ளையால் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஆனால் ஆசிரியருக்கு அந்தப் பதில் முதலே தெரிந்திருக்க வேண்டும்.

முதல்நாள் நீங்கள் செய்து பாருங்கள்

ஒரு கடதாசியில் எல்லா விடைகளையும் எழுதி, ஓட்டோவின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள்.

ஓட்டோ இல்லை: சைக்கிள் 6 / சைக்கிள் 4, வான் 1 / சைக்கிள் 2, வான் 2 / வான் 3
ஓட்டோ 1: இல்லை
ஓட்டோ 2: சைக்கிள் 3 / சைக்கிள் 1, வான் 1
ஓட்டோ 3: இல்லை
ஓட்டோ 4: வேறு வாகனம் இல்லை

மொத்தம் 7 விடை. ஓட்டோ 1க்கும் 3க்கும் ஏன் ஒன்றுமே இல்லை? 12இல் 3 போனால் 9, இன்னும் இரண்டு ஓட்டோ போனால் 3. இரண்டும் ஒற்றை எண். சைக்கிள் 2 சில்லு, வான் 4 சில்லு என்று இரட்டையாகவே கொண்டுவருவதால் ஒற்றை எண்ணை அவற்றால் நிரப்ப முடியாது. பிள்ளைகள் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் இதுதான். இதை முதலே பார்த்து வைக்காதவர், ஒரு பிள்ளை மெல்லிய குரலில் "டீச்சர், ஓட்டோ ஒண்டு மட்டும் வருகுதில்லையே" என்று சொல்லும்போது, "சரி, வேறை பாருங்க" என்று கடந்துபோய்விடுவார்.

பிரசினத்தின் சொற்களையும் ஒருமுறை உரத்து வாசித்துப் பாருங்கள். "சைக்கிளும் ஓட்டோவும் வானும் நிற்கின்றன" என்று எழுதினால் மூன்றும் கட்டாயம் என்றாகிவிடும். 7 விடை ஒன்றாகச் சுருங்கும்: சைக்கிள் 1, ஓட்டோ 2, வான் 1. ஒரு 'உம்' பிரசினத்தை மூடிவிடும். "ஏற்றலாம்", "ஏறியிருக்கலாம்" என்று வைத்தால் திறந்தே இருக்கும். மூடியதும் கெட்டதல்ல, வேகமாக முடிக்கும் பிள்ளைக்குப் பின்னர் கொடுக்க அதை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள்.

பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்கும் முடிவு வேண்டும். மோட்டார் சைக்கிள் ஏறாதா? வானின் ஸ்பெயார் சில்லைச் சேர்ப்பதா? லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) பெட்டி பூட்டினால் எத்தனை? எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் எல்லாவற்றையும் அனுமதித்தால் விடைப் பட்டியல் கைக்குள் நிற்காது. "இன்றைக்கு இந்த மூன்று வாகனம் மட்டும், நிலத்தில் ஓடுகிற சில்லு மட்டும்" என்று சொல்லி, கேட்ட கேள்வியைக் கரும்பலகை மூலையில் எழுதி வையுங்கள். இன்னொரு நாளைக்கு அதுவே பிரசினம்.

தேவையான பொருள்

30 பிள்ளைகள் என்றால் 15 சோடி. சோடிக்கு 12 எண்ணிகள் (சில்லாக வைத்து எண்ணும் சிறு பொருட்கள்) கொண்ட சின்னப் பை ஒன்று. ஒரு பை கூடுதலாக வைத்தால் 16 பை, 192 எண்ணிகள். தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்டிக் மூடி நல்லது. சோடாப் போத்தலின் தகர மூடி வேண்டாம், விளிம்பு கையைக் கீறும். கடற்கரைச் சிப்பி எடுப்பதானால் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். இல்லாவிட்டால் பையைத் திறந்ததும் பாடம் நின்றுவிடும். பையில் சரியாக 12 இருப்பது முக்கியம். 14 இருந்தால் பிள்ளை 14க்கு வாகனம் வைத்துவிட்டுச் சரி என்று நம்பும்.

அடுத்தது விடைத்துண்டு. ஒரு பக்கம் அச்சடித்த பழைய ஏ4 தாள் போதும். மூன்று தரம் மடித்து வெட்டினால் ஒரு தாளில் 8 துண்டு. சோடிக்கு 6 துண்டு என்றால் 90 வேண்டும். 12 தாளில் 96 கிடைக்கும். ஒரு துண்டில் ஒரு விடை மட்டுமே எழுத வேண்டும். இந்த ஒரு விதியில்தான் பாடத்தின் இரண்டாம் பாதி தங்கியிருக்கிறது. கொப்பியில் கீழ்க்கீழாக எழுதிய விடைகளை நகர்த்த முடியாது. துண்டை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம், ஒரே மாதிரியான இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைக்கலாம், இடைவெளி விடலாம்.

துண்டுகளைத் தொங்கவிட வகுப்பறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஐந்து கயிறுகள், உடுப்புக் கிளிப் இருபது வரை. தரையில் பரப்புவதும் நல்லதுதான். ஆனால் கச்சான் காற்று வீசும் நாட்களில் யன்னல் திறந்த வகுப்பில் பரப்பினால் பாதி நேரம் துண்டு பொறுக்குவதில் போகும்.

அறுபது நிமிடம்

அறிமுகத்துக்கு 8 நிமிடம், தனியே 4, சோடியாக 18, கலந்துரையாடல் 22, எழுத்துக்கு 8. நேரம் போதாதென்றால் சோடி வேலையில் வெட்டுங்கள், கலந்துரையாடலில் கை வைக்காதீர்கள். ஒரு சோடி மூன்று விடை கண்டால் போதும். மீதியை வகுப்பு சேர்ந்து முடிக்கும்.

அறிமுகத்தில் பாதையைப் பற்றிக் கேளுங்கள். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைப் பிள்ளைகள் குருமண்வெளிப் பாதையிலோ அம்பிளாந்துறைப் பாதையிலோ ஏறியிருப்பார்கள். பட்டினப் பிள்ளைகளுக்குப் பாதை என்றால் தெரு என்றுதான் படும். அவர்களுக்குக் கல்லடிப் பாலத்தில் போகும் வாகனங்கள் என்று மாற்றிவிடுங்கள். கல்முனை, அக்கரைப்பற்று வகுப்புகளுக்குச் சந்தை வாசல் சரி. இடம் எதுவானாலும் பிள்ளை கண்ணை மூடினால் தெரிய வேண்டும்.

பிறகு ஒரு மாதிரி. இங்கேதான் முதல் சறுக்கல். மாதிரிக்கு 5 சில்லை எடுப்பது வழக்கம், சின்ன எண் என்பதால். 5க்கு ஒரே விடைதான்: சைக்கிள் 1, ஓட்டோ 1. அதைப் பார்த்த பிள்ளைகள் 12க்கும் ஒரு விடையோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். 6 எடுங்கள். ஒரு பிள்ளை "ரெண்டு ஓட்டோ" என்று சொன்னதும் "சரி" என்று நிறுத்தாமல் "வேற மாதிரியும் ஏறலாமா?" என்று கேளுங்கள். 3 சைக்கிள், அல்லது சைக்கிள் 1 வான் 1 என்று வரும். மூன்றையும் கரும்பலகையில் எழுதி, துண்டில் எழுதும் முறையையும் அங்கேயே காட்டிவிடுங்கள். 12ஐ மாத்திரம் தொடாதீர்கள்.

அடுத்த 4 நிமிடம் பேச்சில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தனியே ஒரு விடையாவது தேட வேண்டும். இந்த 4 நிமிடத்தை விட்டுவிட்டு நேரே சோடி வேலைக்குப் போனால் சோடியில் வேகமான பிள்ளை பையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்; மற்றது துண்டு வெட்டும் உதவியாளராகிவிடும். சோடி வேலை தொடங்கிய பின்னும் அதே ஆபத்து இருக்கிறது. எண்ணி ஒருவர் கையில், பென்சில் மற்றவர் கையில், ஒவ்வொரு விடைக்கும் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டால் பாதி தீரும்.

நீங்கள் சுற்றி வரும்போது கையில் பெயர்ப்பட்டியலும் பென்சிலும் இருக்கட்டும். எந்தச் சோடியிடம் எந்த விடை இருக்கிறது, எப்படி எடுத்தார்கள் (படமா, எண்ணியா, கூட்டலா) என்று குறியுங்கள். பிள்ளையின் பென்சிலை வாங்கிக் காட்டிக்கொடுக்கும் ஆசை வரும்; வாங்காதீர்கள். மூன்று கேள்விகள் போதும்:

"இதை எப்பிடி எடுத்தீங்க, சொல்லுங்க பாப்பம்?"
"ஒரு வாகனத்தை இறக்கினா எத்தனை சில்லு குறையும்?"
"இந்த ரெண்டு துண்டிலயும் என்ன வித்தியாசம்?"

ஒன்றுமே தொடங்காத சோடிக்கு விடையைச் சொல்லாமல் பிரசினத்தைச் சிறிதாக்குங்கள். வானை எடுத்துவிட்டால் 12க்கு மூன்று விடைதான்: சைக்கிள் 6; சைக்கிள் 3, ஓட்டோ 2; ஓட்டோ 4. அதுவும் கடினமென்றால், "முதல்ல ஒரு வானை ஏத்துங்க மகன், மிச்சம் எத்தனை மூடி கையில இருக்கு?" என்று கேட்டு எண்ணிகளை நகர்த்த வையுங்கள். அந்தச் சோடி ஒரு விடையைப் பெற்றதும் பழைய பிரசினத்துக்கே திரும்ப வேண்டும். வேறொரு இலேசான கணக்கில் விட்டுவிட்டால் கலந்துரையாடலில் அவர்களுக்கு இடமில்லாமல் போகும்.

முந்தி முடித்த சோடிக்கு 18 சில்லு கொடுப்பது பழக்கம். 18க்கு 12 விடை இருக்கிறது. பிள்ளை அதே வேலையைத்தான் நீட்டிச் செய்யும். அதைவிட "மூன்று வகையும் கட்டாயம் ஏற வேண்டும்" என்ற நிபந்தனையோ, "எட்டாவது விடை ஒண்டு இருக்குமா?" என்ற கேள்வியோ ஆழமாக இழுக்கும்.

கயிற்றில் தொங்கும் துண்டுகள்

மணி அடித்து, எண்ணிப் பைகளைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பை திறந்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

முதலில் யாரை அழைப்பது என்பதில் கவனம் வேண்டும். எல்லா விடையையும் கண்ட சோடியை முன்னால் விட்டால் மற்றவர்கள் தங்கள் துண்டுகளை மடித்து மேசைக்குள் வைத்துவிடுவார்கள். படம் வரைந்து எண்ணிய சோடி முதலில், அடுத்து கூட்டல் எழுதிய சோடி, அதன்பின் ஒரு வாகனத்தை மாற்றி அடுத்த விடையை எடுத்த சோடி. மூன்று அல்லது நான்கு சோடிக்கு மேல் விளக்கத் தேவையில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். மற்றவர்கள் கயிற்றில் இல்லாத துண்டை மட்டும் கொண்டுவந்து கொழுவட்டும். இதுவே நல்ல பயிற்சி: "சைக்கிள் 3, ஓட்டோ 2" என்ற துண்டும் "ஓட்டோ 2, சைக்கிள் 3" என்ற துண்டும் ஒன்றா இரண்டா? பாதையில் அதே வாகனங்கள்தானே என்று பிள்ளைகளே சொல்வார்கள். நீங்கள் சொல்ல வேண்டாம்.

பிழையான துண்டு கட்டாயம் ஒன்று வரும். அடிக்கடி வருவது சைக்கிள் 2, ஓட்டோ 3. எண்ணினால் 13. அதைக் கிழிக்கவும் வேண்டாம், "பிழை" என்று ஒதுக்கவும் வேண்டாம். எல்லோரும் சேர்ந்து எண்ணிவிட்டு, "ஒரே ஒரு வாகனத்தை மாத்தி இதை 12 ஆக்கலாமா?" என்று கேளுங்கள். ஓட்டோ ஒன்றை இறக்கிச் சைக்கிள் ஒன்றை ஏற்றினால் 12. பிழைத் துண்டிலிருந்து சரியான துண்டு பிறக்கிறது. கூடவே "ஓட்டோவுக்குப் பதில் சைக்கிள் என்றால் ஒன்று குறையும்" என்ற விதியும் கிடைக்கிறது.

மாற்று விதிகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக வரும். இரண்டு சைக்கிளுக்குப் பதில் ஒரு வான் ஏற்றினால் சில்லு மாறாது. இரண்டு ஓட்டோவுக்குப் பதில் மூன்று சைக்கிள் ஏற்றினாலும் மாறாது. 6 சைக்கிளில் தொடங்கி முதல் விதியை மூன்று தரம் போட்டால் 3 வான் வரை போகலாம். இதை ஒரு பிள்ளை கண்டால் அந்தப் பிள்ளையின் பெயரையே விதிக்கு வையுங்கள். அடுத்த மாதமும் நினைவிருக்கும்.

இப்போது துண்டுகளை ஓட்டோவின் எண்ணிக்கைப்படி கயிறுகளில் பிரிக்கச் சொல்லுங்கள். மேல் கயிறு ஓட்டோ இல்லாதது, அதன் கீழ் 1, 2, 3, 4. வெற்றுக் கயிறு இரண்டும் அப்படியே தொங்க வேண்டும். அவற்றை எடுத்துவிட்டால் கேள்வியே மறைந்துபோகும். "இந்தக் கயித்தில ஏன் ஒண்டுமில்லை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பத்து வினாடி மௌனம் ஆசிரியருக்கு நீளமாகத் தெரியும், பிள்ளைக்கு அது குறைவு. "நாங்கள் இன்னும் தேடயில்லை" என்று முதலில் ஒரு பிள்ளை சொல்லும். சரி, தேடட்டும். ஓட்டோ ஒன்றை ஏற்றிவிட்டு மிச்சம் 9 மூடியைச் சைக்கிளாக்கப் பார்த்தால் ஒன்று மிஞ்சும். "எப்பவும் ஒண்டு மிஞ்சுது" என்ற சொல் வந்ததும் உங்கள் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஒற்றை எண், இரட்டை எண் என்ற சொற்களை அப்போதுதான் கரும்பலகையில் எழுத வேண்டும், முன்னதாக அல்ல.

கரும்பலகையில் எழுதியதைப் பாடம் முடியும்வரை அழிக்காதீர்கள். யப்பானிய வகுப்புகளில் இதைப் 'பன்ஷோ' என்ற பெயரில் தனிக் கலையாகவே பழகுகிறார்கள்: பாடத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பலகையில் இடமிருந்து வலமாகத் தெரியும்படி எழுதுவது. பிள்ளை பின்னால் திரும்பித் தான் வந்த வழியைப் பார்க்கலாம்.

கடைசி 8 நிமிடம் கொப்பிக்கு. ஏழு விடையையும் எழுதத் தேவையில்லை. தனக்குப் பிடித்த ஒரு விடை, படத்தோடு; கீழே ஒரு வசனம்: "ஓட்டோ 1 வராது, ஏனென்றால்..." தொடரைப் பிள்ளை முடிக்க வேண்டும். இந்த வசனம் பெற்றோருக்கும் பயன்படும். கொப்பியில் ஒன்றுமில்லாமல் வீடு போனால் "இண்டைக்குக் கணக்குப் படிப்பிக்கயில்லையோ?" என்ற கேள்வி மறுநாள் வாசலில் நிற்கும். புலமைப்பரிசில் நெருங்கும் வகுப்பில் இன்னும் பலமாக நிற்கும்.

மதிப்பீட்டுக்குப் பெயர்ப்பட்டியலில் மூன்று அடையாளம் போதும். ஒரு விடையாவது சரியாகப் பெற்றவருக்கு ஒரு புள்ளி, பல விடை பெற்றவருக்குக் கோடு, ஏன் இல்லை என்று தன் சொல்லில் காரணம் சொன்னவருக்கு வட்டம். விடைகளின் எண்ணிக்கைக்குப் பரிசு வைக்காதீர்கள். பரிசு வைத்த நாளில் ஒரே விடை நான்கு துண்டில் வரும், பக்கத்து மேசையிலிருந்து திருடப்பட்டும் வரும்.

மற்றத் தரங்களுக்கு

தரம் 1இல் புளியங்கொட்டை. 5 கொட்டையை ஒரு பக்கம் சீமெந்துத் தரையில் உரைத்தால் வெள்ளை தெரியும். உருட்டிப் போட்டு, வெள்ளை எத்தனை கறுப்பு எத்தனை என்று எழுத வேண்டும். 0இலிருந்து 5 வரை வெள்ளை வரலாம், ஆக 6 விடை. உரைக்கும் வேலையை நீங்களே முதல்நாள் செய்துவிடுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் சூடேறிய கொட்டையைப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைத்துப் பார்ப்பார்கள், கணக்கு அந்தப்பக்கம் போய்விடும். இன்னொரு கவனம்: ஐந்தும் வெள்ளை, ஐந்தும் கறுப்பு இரண்டும் அரிதாகவே விழும். பத்துத் தரம் போட்டும் வராவிட்டால் "அப்படி வராது" என்று பிள்ளை முடிவெடுக்கும். விழாததை நாமே கையால் வைத்துப் பார்க்கலாம் என்று காட்டுங்கள்.

தரம் 2க்குச் சில்லறை. 1, 2, 5, 10 ரூபா நாணயக் குற்றிகளால் 10 ரூபா எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? தனி 10 ரூபாக் குற்றியும் சேர்த்து 11 விதம். 11உம் தேவையில்லை. "ஆகக் குறைந்த குற்றி எத்தனை, ஆகக் கூடிய குற்றி எத்தனை?" என்று கேட்டால் 1க்கும் 10க்கும் இடையில் மற்றவை தாமாக வரிசையில் வரும். 9 குற்றி இருக்கிறது, எப்படி? 2 ரூபா ஒன்றும் 1 ரூபா எட்டும்.

கோலங்கள், அதாவது ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வருவது என்ற பாடத்துக்கு மருதமுனைக் கைத்தறியைவிட நல்ல பாடப்பொருள் தேட வேண்டியதில்லை. ஒரு சாரத்தின் கரையையோ சேலைக் கரையையோ வகுப்புக்குக் கொண்டுவந்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இரண்டு நிற வண்ணப் பென்சிலும் 20 கட்டமுள்ள ஒரு நீளத் துண்டும் கொடுத்து, தானே ஒரு கரை போட வேண்டும். பிள்ளைகள் செய்யும் பிழை, நீலம் சிவப்பு நீலம் என்று மூன்று கட்டத்தோடு அதைக் கோலம் என்பது. திரும்பும் பகுதி குறைந்தது மூன்று தரம் வந்திருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். முடிந்ததும் துண்டுகளை மாற்றிக்கொண்டு, "இது இன்னும் நீண்டால் 30ஆவது கட்டம் என்ன நிறம்?" என்று அடுத்தவரின் கோலத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

தரம் 4, 5க்குக் கத்தரிப் பாத்தி. 24 சதுர மீற்றர் செவ்வகப் பாத்தி, நீள அகலங்கள் முழு மீற்றர். 1க்கு 24, 2க்கு 12, 3க்கு 8, 4க்கு 6 என்று நான்கு வடிவம். மாடு வராமல் வேலி போட்டால் முறையே 50, 28, 22, 20 மீற்றர் கம்பி. பரப்பு மாறாமலே சுற்றளவு இவ்வளவு மாறுவதைக் கண்டு பிள்ளைகள் திகைப்பார்கள். பரப்பளவையும் சுற்றளவையும் குழப்புகிற பிள்ளைக்கு இந்த ஒரு பிரசினம் பத்துப் பயிற்சிக்குச் சமம். சதுரக் கோட்டுத் தாளில் வரையாமல் எண்ணால் மட்டும் செய்தால் குழப்பம் அப்படியே இருக்கும்.

இரண்டு தரம் ஒரே அறையில் இருக்கும் பல்தர வகுப்புக்குப் பாதைப் பிரசினம் சரியாகப் பொருந்தும். தரம் 2க்கு 8 சில்லு, சைக்கிளும் வானும் மட்டும் (3 விடை). தரம் 3க்கு 12. தரம் 4க்கு 18. அறிமுகம் ஒன்று, கயிறு தனித்தனி. கலந்துரையாடலில் தரம் 2இன் கயிற்றை முதலில் எடுங்கள்.

பாடப்புத்தகக் கணக்கைத் திறப்பது

ஒவ்வொரு கிழமையும் புதுக் கதை கட்டத் தேவையில்லை. கையிலுள்ள புத்தகக் கணக்கையே இரண்டு வழியில் திறக்கலாம்.

ஒன்று, விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்பது. 36 + 27 = 63 என்பதை, "கூட்டினால் 63 வரும் இரண்டு எண் எழுது" என்று மாற்றினால் பிள்ளை 63 + 0, 62 + 1, 61 + 2 என்று யோசிக்காமல் இறங்கிப்போகும். ஒரு நிபந்தனை சேருங்கள்: இரண்டும் ஈரிலக்க எண்ணாக இருக்க வேண்டும், ஒன்றினிடத்து இலக்கங்களைக் கூட்டினால் 10ஐத் தாண்ட வேண்டும். இப்போது 12 சோடிதான்: 14 + 49, 24 + 39 என்று போகும். நீங்கள் பயிற்றுவிக்க விரும்பிய, பத்தினிடத்துக்கு ஒன்று ஏறும் கூட்டலை ஒவ்வொரு விடையிலும் பிள்ளை செய்தே ஆக வேண்டும்.

மற்றது, இலக்கத்தை மறைப்பது. 4□ + □7 = 8□. முதற் கட்டத்தில் 0 முதல் 9 வரை எந்த இலக்கம் போட்டாலும் மற்ற இரண்டு கட்டத்துக்கும் ஒரே ஒரு வழி இருக்கும், ஆக 10 விடை. முதற் கட்டம் 2 வரை நடுக்கட்டம் 4. 3 வந்ததும் 3 ஆகும். ஏன் அந்த இடத்தில் மாறுகிறது என்பதே கேள்வி.

"12ஐப் பற்றி ஏதாவது கணக்கு எழுது" என்பது திறந்தது போலத் தோன்றும், ஆனால் அதில் பிடிப்பு இல்லை. எதை எழுதினாலும் சரியாகும் இடத்தில் விடைகளை ஒப்பிட வழியில்லை. பிள்ளைகளும் மிக இலேசான 11 + 1ஐ எழுதிவிட்டு விளையாடப் போவார்கள்.

பாதைப் பாடத்துக்கு மறுநாள் கயிறுகளை அப்படியே விட்டு, கரும்பலகையில் 13 என்று மட்டும் எழுதுங்கள். எண்ணிப் பையைத் திறக்க முன் கேளுங்கள்: "எந்தக் கயிறு வெறுமையா இருக்கும்?" 13க்கு 5 விடை. ஓட்டோ 1 கயிற்றில் மூன்று, ஓட்டோ 3 கயிற்றில் இரண்டு. நேற்று நிறைந்திருந்த மூன்று கயிறும் இன்று காலி. இதை எண்ணாமலே சொல்லும் பிள்ளைகளுக்குப் பட்டியலில் வட்டம் போடுங்கள்.